இலக்கியப் புலமையிலிருந்து ஓவியத்திற்கு: ஏ. இராமச்சந்திரனின் படைப்புகள் – ஒரு திணைநோக்கு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

மலையாள இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின் ஓவியக் கல்விக்குச் சென்று, பல்கலைக்கழக ஆசிரியப் பணியிலிருந்தும் விருப்ப ஓய்வு பெற்று முழுநேர ஓவியராக வாழ்ந்தவர் ஏ. இராமச்சந்திரன் (1935–2024). அவருடைய ஓவியங்களில் இலக்கியப் பயிற்சி எவ்வாறு தொடர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1970-களின் ஓவியங்கள், ‘யயாதி’ (1984–86), தாமரைக் குள ஓவியங்கள் ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழ்த் திணைக் கோட்பாட்டின் முதல், கரு, உரி என்னும் பகுப்பும், காவிரிப் படுகையின் கடைமடையான முத்துப்பேட்டையின் நிலச்சூழலும், திருவாரூர் முசுகுந்தன் ஓவியங்களும் ஒப்பீட்டுக்குக் கருவிகளாகின்றன. ஓவியத்திற்குச் சென்றதால் இலக்கியப் புலமை அழியவில்லை என்பதும், ஆயினும் இலக்கியம் விடாது எழுப்பும் அறக்கேள்வி ஒன்று அவ்வழியில் கைவிடப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

முக்கியச் சொற்கள்: ஏ. இராமச்சந்திரன், யயாதி, திணை, கருப்பொருள், தாமரைக் குளம், முத்துப்பேட்டை, கடைமடை, முசுகுந்தன் ஓவியங்கள்.

முன்னுரை

சங்கத் தமிழில் ‘எழுது’ என்னும் வினை எழுத்தைப் பொறித்தலையும் ஓவியம் தீட்டுதலையும் ஒருங்கே குறித்தது. மகளிர் மேனியில் தொய்யில் வரைவதும் ‘எழுதுதல்’ எனப்பட்டது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. நெடுநல்வாடையில், பிரிவால் வாடும் அரசி தன் கட்டிலின் விதானத்தில் தீட்டப்பட்ட திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். பரிபாடலின் திருப்பரங்குன்றப் பாடலொன்றில், ஓவிய மண்டபத்தைக் காண வந்தவர்கள் இவர் யார், இவர் யார் என வினவ, உடன்வந்தோர் விளக்கம் கூறுகின்றனர். மத்தவிலாசப் பிரகசனத்தை இயற்றிய மகேந்திரவர்மப் பல்லவனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்பதும் ஒரு விருதுப்பெயர். சொல்லும் கோடும் ஒரே புலமையின் இரு கைகளாக இருந்தமைக்கு இவை சான்றுகள்.

இன்றைய உயர்கல்வியில் இவ்விரண்டும் வேறுவேறு கட்டடங்களில் வாழ்கின்றன. இலக்கியத் துறையில் பயின்ற ஒருவர் தூரிகையைக் கையிலெடுத்தால், அவர் துறையை விட்டுப் போனவராகவே கணக்கிடப்படுகிறார். அவர் கற்ற இலக்கியம் வீணாயிற்று என்ற பேச்சும் எழுகிறது. இந்தக் கணக்கு சரிதானா என்பதே இக்கட்டுரையின் வினா. ஒருவருடைய வாழ்க்கை முடிவு பற்றிய வினாவாகத் தோன்றினும், இலக்கியக் கல்வி என்பது எதைக் கற்பிக்கிறது என்ற பெரிய வினாவும் இதனுள் அடங்கியுள்ளது. நூற்பொருளை மட்டுமே அது கற்பிக்கிறதெனில், நூலை விட்டு நீங்கியவரிடம் அக்கல்வி எஞ்சியிராது. காணும் முறையையும் கற்பிக்கிறதெனில், அவர் எங்குச் சென்றாலும் அது உடன்செல்லும்.

இரு விலகல்கள்

கேரளத்தின் ஆற்றிங்கலில் 1935-இல் பிறந்த இராமச்சந்திரன் இளமையில் கருநாடக இசை பயின்றவர். கேரளப் பல்கலைக்கழகத்தில் மலையாள இலக்கியத்தில் முதுகலைப் பட்டத்தை 1957-இல் பெற்றார். அப்பட்டத்தின் இயல்பான அடுத்த படி கல்லூரி ஆசிரியப் பணி. அவர் அப்படியில் கால்வைக்காமல் சாந்திநிகேதன் கலாபவனத்தில் மாணவராகச் சேர்ந்து, 1961-இல் ஓவியக் கல்வியை நிறைவு செய்தார். இதுவே முதல் விலகல்.

அவர் சென்று சேர்ந்த இடமும் கருதத்தக்கது. விஸ்வபாரதி ஒரு கவிஞரால் நிறுவப்பெற்றது. அக்கவிஞரும் முதுமையில் ஓவியரானவர். அங்கே இராமச்சந்திரனுக்கு ஆசிரியர்களாக வாய்த்தவர்கள் ராம்கிங்கர் பெய்ஜும் வினோத் பிஹாரி முகர்ஜியும் ஆவர். வினோத் பிஹாரி, இந்தி பவனத்தின் சுவர்களில் 1940-களில் கபீர், துளசிதாசர், சூர்தாசர் முதலிய பக்திக் கவிஞர்களின் வாழ்வைத் தீட்டியவர். இலக்கிய வரலாற்றைச் சுவரில் எழுதிய ஆசிரியரிடம் ஓர் இலக்கிய மாணவர் ஓவியம் பயின்றார். எனவே முதல் விலகலை ஒரு துறவாகக் கொள்வதைவிட, இலக்கியத்திற்கு அடுத்த அறைக்குச் சென்றமையாகக் கொள்வதே பொருந்தும். கலாபவனப் படிப்பை முடித்தபின் கேரளச் சுவரோவியங்களை அவர் ஆய்வு செய்ததும், அவ்வாய்வு 2005-இல் நூலாக வெளிவந்ததும் இதனை உறுதிப்படுத்துகின்றன. ஆய்வாளர் என்னும் நிலையை அவர் ஒருபோதும் கைவிடவில்லை.

இரண்டாம் விலகல் வேறு தன்மையது. டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 1965 முதல் கலைக்கல்வி கற்பித்து, பேராசிரியராக உயர்ந்து, 1992-இல் விருப்ப ஓய்வு பெற்றார். 27 ஆண்டுப் பணி. ஓய்வு பெற்றபோது வயது 57. அதன்பின் வாழ்ந்த 32 ஆண்டுகளையும் ஓவியத்திற்கே அளித்தார். லலித் கலா அகாதெமியின் தேசிய விருதுகள் (1969, 1973) முன்னரே கிடைத்திருந்தன. பத்மபூஷண் 2005-இல் வந்தது.

உலக ஓவிய வரலாற்றில் இத்தகைய விலகலுக்குப் பெரிதும் சுட்டப்படும் சான்று காண்டின்ஸ்கி. சட்டமும் பொருளியலும் கற்ற அவர், 1896-இல் தோர்ப்பாத் பல்கலைக்கழகம் தரவிருந்த ஆசிரியப் பணியை மறுத்து மியூனிக்கிற்கு ஓவியம் கற்கச் சென்றார். அவருடைய முதிர்ந்த ஓவியங்களில் சட்டப் படிப்பின் தடத்தைத் தேடுவார் இலர். இராமச்சந்திரனிடம் இலக்கியத்தின் தடம் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளது. சென்னையில் கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையோடு ஒப்பிட்டாலும் இவ்வேறுபாடு விளங்கும். பணிக்கர் எழுத்து வடிவங்களையே படத்தில் நிரப்பினார். அவற்றை வாசிக்க இயலாது. இராமச்சந்திரனின் படங்களில் எழுத்து பெரிதும் இல்லை. ஆனால் அவை வாசிப்பைக் கோருகின்றன.

தலைப்பில் அமைந்த முரண்

இராமச்சந்திரனின் முதற்கட்ட ஓவியங்கள் மனித வதையைப் பற்றியவை. தலையற்ற, முறுக்கேறிய உடல்கள் பெரிய பரப்புகளில் நெருக்கியடிக்கப்பட்டிருக்கும். கல்கத்தாவில் கண்ட அகதிகளின் துயரமும் நகர வாழ்வின் வன்முறையும் இவற்றின் பின்புலம். இக்காலத்திலும் அவர் நிகழ்கால வன்முறையை இலக்கியத்தின் வழியாகவே அணுகினார். யாதவ குலம் தன்னைத்தானே கொன்றழித்த மகாபாரதக் கதை அவருக்கு ஒரு பொருளாயிற்று. புறப்பகைவன் இல்லாத அழிவு என்பதே அக்கதையின் சாரம். அதை நவீன நகரத்தின் மீது பொருத்திப் பார்த்தார்.

‘அணு ராகினி’ (1975) இன்னும் நுட்பமானது. பொக்ரானில் 1974-இல் நிகழ்ந்த அணுவெடிப்புச் சோதனையை அடுத்து இப்படைப்பு பிறந்தது. ராகமாலை என்பது ராகங்களைத் தலைவன் தலைவியராக உருவகித்துத் தீட்டும் வட இந்தியச் சிற்றோவிய மரபு. அவ்வோவியங்களின் மேற்புறத்தில் அந்த ராகத்தின் இயல்பைக் கூறும் செய்யுள் எழுதப்படுவதும் உண்டு. இசையும் செய்யுளும் ஓவியமும் கூடிய அம்மரபின் பெயரோடு ‘அணு’ என்ற சொல்லைச் சேர்த்தபோது, தலைப்பே ஒரு முரண்தொடராக நிற்கிறது. இம்முரணை உணரப் படத்தை மட்டும் காண்பது போதாது. மரபை அறிந்திருத்தலும் வேண்டும். பாட்டியல் பயின்ற ஒருவர் நூலுக்குப் பெயரிடும் முறை இது.

யயாதி: கதை நீங்கிய காப்பியம்

டெல்லியில் சீக்கியர்க்கு எதிராக 1984-இல் நிகழ்ந்த வன்முறைக்குப் பின், துயரத்தைக் கலைப்பொருளாக்கும் முறையிலிருந்து தாம் விலகியதாக இராமச்சந்திரன் பின்னாளில் கூறியுள்ளார். அதே காலத்தில் தொடங்கி 1986-இல் நிறைவுற்ற ‘யயாதி’ அவருடைய வாழ்வின் நடுப்புள்ளி. 12 பலகைகளில் ஏறத்தாழ 60 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்டு விரியும் ஓவியமும், 13 வெண்கலச் சிற்பங்களும் சேர்ந்து, கேரளக் கோயிலின் உட்புறம் போன்ற ஒரு வெளியை அமைக்கின்றன. உஷை, மத்தியானம், சந்தியை என மூன்று பகுதிகள். உருவங்களுக்கு முன்மாதிரியானோர் இராசத்தானத்தின் நாடோடிக் கொல்லர் குடியான காடியா லோகார் மக்கள்.

மகாபாரத ஆதிபருவத்தில் யயாதியின் கதை நிகழ்ச்சிச் செறிவு மிக்கது. தேவயானியை மணந்த யயாதி சன்மிட்டையையும் மறைவாக மணக்கிறான். சுக்கிரன் சாபத்தால் முதுமை அடைகிறான். ஐந்து மைந்தரிடம் இளமையை இரக்கிறான். நால்வர் மறுக்க, இளையவன் பூரு ஈகிறான். ஆயிரம் ஆண்டு இன்பம் துய்த்தபின், துய்ப்பதால் வேட்கை தணிவதில்லை என்று உணர்ந்து இளமையைத் திருப்பித் தருகிறான்.

இராமச்சந்திரனின் ‘யயாதி’ இந்நிகழ்ச்சிகளை வரிசையாகக் காட்டவில்லை. சாபமிடும் முனிவனையோ கைமாறும் இளமையையோ தேடிச் செல்பவர் ஏமாறுவர். காப்பியத்திலிருந்து கதை நீக்கப்பட்டு, பொழுது மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. இது காப்பியத்தைக் குறைத்ததா, வேறொன்றாக மாற்றியதா?

திணைக் கோட்பாடு இங்கு ஒரு விடை தருகிறது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறார். அகப்பாடலில் தலைவன் தலைவியர்க்குப் பெயர் கூறுதல் மரபன்று. கதை ஒரு கணமாகச் சுருங்கும். பொழுதும் கருப்பொருளும் உரிப்பொருளைத் தாங்கி நிற்கும். ‘யயாதி’யில் நிகழ்ந்திருப்பதும் இதுவே. பெயர் தலைப்பில் மட்டும் உள்ளது. விடியல், நண்பகல், மாலை என்னும் சிறுபொழுதுகள் வேட்கையின் மூன்று நிலைகளைத் தாங்குகின்றன. காப்பியம் அகப்பாடலாக மாற்றப்பட்டுள்ளது என இதனைக் கூறலாம். சுற்றிலும் சுவர் சூழ்ந்த அமைப்பும் இதற்குத் துணைசெய்கிறது. நடுவில் நிற்பவர் விடியலையும் மாலையையும் தலையைத் திருப்பிய அளவில் காண்கிறார். நூலில் ஆயிரம் ஆண்டாக நீளும் காலம் ஒரு பகலாகச் சுருங்குகிறது.

இளமைக்கு விலை கொடுத்தவர்

இம்மாற்றத்திற்கு ஓர் இழப்பும் உண்டு. ‘யயாதி’ அலங்காரத்தன்மை மிக்கது, நவீனத்துவத்திலிருந்து பின்வாங்கியது என்ற குறை அக்காலத்திலேயே கூறப்பட்டது. மரபோவிய நடையை மீட்டதையே பின்வாங்கலாகக் கொள்ளும் இக்குறை வலுவற்றது. வலுவான குறை வேறிடத்தில் உள்ளது.

நவீன இந்திய இலக்கியம் யயாதியை எவ்வாறு படித்தது என்பதை நோக்கினால் அது புலப்படும். வி. ச. காண்டேகரின் மராத்தி நாவல் ‘யயாதி’ (1959) கட்டற்ற துய்ப்பை நவீன மனிதனின் நோயாகக் கண்டது. தேவயானி, சன்மிட்டை ஆகியோரையும் தம் கூற்றாகப் பேசவைத்தது. கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்புகள் வழியாகக் காண்டேகர் தமிழ் வாசகர்க்கு நெருக்கமான எழுத்தாளர். கிரீஷ் கர்னாடின் கன்னட நாடகம் ‘யயாதி’ (1961) இன்னும் ஒருபடி சென்றது. பூருவின் மனைவியாகச் சித்ரலேகா என்னும் பாத்திரத்தைப் படைத்து, ஒருவன் தந்தைக்குக் கொடுத்த இளமையின் விலையை அவன் மனைவி செலுத்துவதைக் காட்டியது. காண்டேகரும் கர்னாடும் கேட்ட கேள்வி ஒன்றே: இன்பம் துய்த்தவன் யயாதி, அதற்கு விலை கொடுத்தவர் யார்?

இராமச்சந்திரனின் ‘யயாதி’யில் இக்கேள்வி இல்லை. காடியா லோகார் பெண்கள் உலைக்களத்தில் சம்மட்டி ஓங்கி உழைப்பவர்கள்; ஆண்டின் பெரும்பகுதியை வண்டியில் கழிப்பவர்கள். ஓவியத்தில் அவர்களின் அணியும் ஆடையும் உடலழகும் ஒளிர்கின்றன. அவர்களின் தொழில் பின்னொதுங்குகிறது. அவர்கள் யயாதியின் வேட்கைக்குரிய உலகமாகின்றனர். தமக்கென ஒரு கூற்று உடையவராகவில்லை. அகப்பாடலிலும் பெயரில்லை என்று இதற்கு அமைதி கூற இயலாது. அகப்பாடலில் தலைவிக்குப் பெயர் இல்லை. ஆனால் குரல் உண்டு. பரத்தைக்கும் உண்டு. மருதத் திணையின் ஊடற் பாடல்கள் இன்பத்திற்கு விலை கொடுத்தவரின் பாடல்களே. முதற்கட்ட ஓவியங்களில் வதையுண்ட உடலுக்காக நின்ற ஓவியர், துயரத்தைப் பொருளாக்குவதை விட்டபோது, துய்ப்பின் பின்னுள்ள துயரத்தையும் உடன் விட்டுவிட்டார். ஆசிரியப் பணியை விட்டதால் நேர்ந்த இழப்பென இதைக் கூறமுடியாது. அப்பணியில் இருந்தபோதே ‘யயாதி’ தீட்டப்பட்டது. இலக்கியத்தின் காட்சியை ஏற்று அதன் வழக்காடலை விலக்கியதால் நேர்ந்தது இவ்விழப்பு.

தாமரைக் குளமும் கடைமடையும்

‘யயாதி’க்குப் பின்வந்த ஆண்டுகளில் இராமச்சந்திரன் உதயப்பூர்ப் பகுதிக்குத் தொடர்ந்து சென்றார். பீல் பழங்குடி மக்களும், ஏகலிங்கஜி, நாக்டா முதலிய இடங்களின் தாமரைக் குளங்களும் அவருடைய பொருள்களாயின. குள ஓவியங்கள் பலவற்றில் மனித உருவம் இல்லை. மொட்டு, விரிந்த மலர், கருகிய இலை, பொகுட்டு, தும்பி, பறவை, மழைத்தாரை ஆகியவை பரப்பு முழுவதையும் நிறைக்கின்றன. ஒரே பொருள் பருவந்தோறும் பொழுதுதோறும் மீளத் தீட்டப்படுகிறது. முதற்பொருளும் கருப்பொருளும் மட்டுமே உள்ள இப்படங்களில் உரிப்பொருளைக் காண்பவரே உய்த்துணர வேண்டும். உள்ளுறை உவமத்தின் செயற்பாட்டோடு இது ஒத்தது.

காவிரிப் படுகையைச் சேர்ந்த வாசகர்க்கு இங்கு ஓர் ஐயம் எழும். தாமரை மருதத்தின் பூ. வாய்க்காலும் வயலும் உள்ள ஊர்களில் அது வியப்புக்குரியதன்று. கேரளத்தில் பிறந்த ஓவியர், நீர் அருகிய ஆரவல்லிச் சரிவுகளுக்குச் சென்று தாமரையைத் தீட்டியது ஏன்?

முத்துப்பேட்டையின் நிலம் இவ்வையத்தைத் தீர்க்க உதவுகிறது. திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள இவ்வூர், காவிரியின் கிளைகளான பாமணியாறு, கோரையாறு முதலியவை கடற்கழியில் கலக்கும் இடம். இங்கே வயல் முடிகிறது. அலையாத்திக் காடு தொடங்குகிறது. சங்கப் பாடல்களின் கண்டல் சூழ்ந்த நெய்தற் கழியை இன்றும் காணத்தக்க இடங்களுள் இது ஒன்று. மருதமும் நெய்தலும் மயங்கும் நிலம் என்பதோடு, பாசன நோக்கில் இது கடைமடை. மேட்டூர் அணை வழக்கமான சூன் 12-இல் திறக்கப்பட்டாலும், நீர் இப்பகுதிக்கு வந்து சேர்வது தலைமடைக்குப் பல நாள் பிந்தியே. நீர் குறைந்த ஆண்டில் முதலில் வறள்வதும் இதுவே. படுகை முழுவதும் ஒரே மருதம் என்ற எண்ணம் தலைமடையின் எண்ணமாகும். கடைமடையில் குளம் நிறைவதும் தாமரை விரிவதும் நீர் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி.

இந்நோக்கில், ஒரே கருப்பொருள் நிலத்துக்கேற்ப வேறு உரிப்பொருளை ஏற்கிறது. நீர் மலிந்த மருதத்தில் தாமரை வளத்தையும், வளத்தோடு வரும் ஊடலையும் சுட்டும். நீர் அருகிய நிலத்தில் அதே தாமரை இருத்தலை, வருமெனக் காத்திருந்தது வந்ததைச் சுட்டும். உதயப்பூரின் குளங்கள் மழையை நம்பியவை, கோடையில் சுருங்குபவை. இராமச்சந்திரன் மலர்ச்சியோடு கருகலையும் ஒரே பரப்பில் வைப்பது இதனாலேயே பொருளுடையதாகிறது. அவருடைய தாமரை மருதத்தின் பூவாக இல்லை. பாலையின் விளிம்பில் நின்று நோக்கப்பட்ட மருதமாக உள்ளது. நல்ல நிலமும் பருவம் பிழைத்தால் பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்தின் மறுதலை இங்கே உள்ளது: பருவம் வாய்த்தால் பாலையும் ஒருகால் மருதமாகும். ‘அழகியல் இன்பத்தில் ஒதுங்கியவர்’ என அவர்மேல் சுமத்தப்படும் குறைக்கும் இது ஓரளவு விடையாகிறது. இழப்பை அறிந்த கண்ணே இக்குளங்களை இவ்வளவு நுணுக்கமாக எண்ணும்.

ஓவியனின் முத்திரை

பிற்கால ஓவியங்களில் இராமச்சந்திரன் தம் உருவத்தையே வண்டு, வௌவால், ஆமை முதலிய சிற்றுயிர்களாகத் தீட்டி ஓரத்தில் வைத்தார். இறைவனின் அவதாரங்களைத் தம் எளிமைக்கு இறக்கிய நகை இதில் உள்ளது. மேலை ஓவிய மரபின் தன்னுருவ ஓவியத்தைவிட, பக்தி இலக்கியத்தின் முத்திரை மரபோடு இதனை இணைத்துக் காண்பதே பொருத்தம். சம்பந்தர் பதிகத்தின் திருக்கடைக்காப்பில் தம் பெயரைச் சேர்த்துப் பாடுவார். பாடியவர் பாடலுக்குள் ஓரத்தில் நிற்பார்.

சம்பந்தர் பிறந்த இப்படுகையிலேயே இதற்கு ஓவியச் சான்றும் உண்டு. திருவாரூர்த் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில், குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சோழன் இந்திரனிடமிருந்து தியாகராசரைப் பெற்று ஆரூருக்குக் கொணர்ந்த கதை தீட்டப்பட்டுள்ளது. காட்சிகளுக்குக் கீழே தமிழ்க் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. சிங்காதனம் என்னும் ஓவியரின் பெயரும் அங்கே இடம்பெறுகிறது. கதை கூறுபவர், குறிப்பு எழுதுபவர், படம் தீட்டுபவர் என்ற பிரிவினை அவ்விதானத்தில் இல்லை. முத்துப்பேட்டையும் திருவாரூரும் ஒரே மாவட்டத்தில் உள்ளவை. ஆயினும் இவ்வோவியங்கள் பெரிதும் கலை வரலாற்றின் பொருளாகவே கருதப்படுகின்றன. அவற்றின் குறிப்புகளைத் தமிழ் உரைநடை வரலாற்றின் பகுதியாகவும், காட்சி வரிசையைத் தலபுராண எடுத்துரைப்பின் பகுதியாகவும் இலக்கியத் துறைகள் படிக்க இடமுண்டு. இராமச்சந்திரன் இலக்கியம் பயின்றபின் கேரளச் சுவரோவியங்களை ஆய்ந்தது போன்ற ஒரு பயணத்திற்கு, இங்குப் பயில்வோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

இராமச்சந்திரன் 1957-க்குப் பின் இலக்கியக் கல்வியிலிருந்தும் 1992-இல் ஆசிரியப் பணியிலிருந்தும் விலகினார். இலக்கிய வாசிப்பிலிருந்து விலகவில்லை. தலைப்பில் அமைந்த முரண், காப்பியத்தை அகப்பாடலாகச் சுருக்கிய அமைப்பு, கருப்பொருளால் உணர்த்தும் முறை, ஓரத்தில் நிற்கும் முத்திரை ஆகிய நான்கும் இலக்கியம் கற்றுத்தந்த காணும் முறைகளே.

‘யயாதி’யில், அக்கதையை இலக்கியமாக மீட்டெழுதியோர் கேட்ட அறக்கேள்வி இடம்பெறவில்லை. ஓவியம் என்னும் ஊடகத்தின் எல்லை இதற்குக் காரணமாகாது; வதையுண்ட உடல்களைத் தீட்டிய அவருடைய முற்காலப் படைப்புகளே ஓவியமும் வழக்காட வல்லது என்பதை மெய்ப்பித்துள்ளன. அவருடைய சாதனையைப் போற்றுவோர் இவ்விடத்தை மறைக்க வேண்டியதில்லை.

திணைக் கோட்பாடு தமிழ்ச் செய்யுளுக்கு மட்டும் உரிய கருவியன்று. தாமரைக் குளங்களைக் கடைமடை நிலத்தில் நின்று காணும்போது, ஒரே பூ இரு நிலங்களில் இருவேறு உரிப்பொருளை ஏற்பது தெளிவாகிறது. ஸ்ரீபெரும்புதூரில் உள்ள இராஜீவ் காந்தி நினைவிடத்தின் கருங்கல் புடைப்புச் சிற்பம் இராமச்சந்திரன் வடிவமைத்தது. அவருடைய படைப்பொன்றைத் தமிழகத்திலேயே நேரில் காண இது வாய்ப்பளிக்கிறது. ஓவியத்தையும் சிற்பத்தையும் இலக்கியத் திறனாய்வின் பாடமாகக் கொள்ளும் ஆய்வுகள் பெருகினால், தூரிகையை எடுத்த மாணவரை இழப்பாகக் கணக்கிடும் வழக்கமும் மாறும்.